ஐஸ் ஹவுஸ் டீச்சர்

சுப்புலட்சுமின்னு சொன்னதும் உங்களுக்கு எம்.எஸ். ஞாபகம்தான் வரும். யாருக்குமே அப்படித்தான். ஆனா மயிலாப்பூர்ல பிறந்த இன்னொரு சுப்புலட்சுமி இருந்தாங்க. பாடகி இல்லை, டீச்சர். மெரினா பக்கம் பஸ்ல போகும்போது காமராஜர் சாலையில வளைவான முகப்போட ஒரு பழைய கட்டடத்தைப் பார்த்திருப்பீங்க. இப்போ அதுக்குப் பேரு விவேகானந்தர் இல்லம். ஆட்டோக்காரர்கிட்ட ஐஸ் ஹவுஸ்னு சொன்னாதான் புரியும். அந்தக் கட்டடத்துலதான் இந்த டீச்சர், புருஷனை இழந்த சின்னப் பெண்கள் பல பேரைச் சேர்த்து வச்சு, சோறு போட்டு, படிக்க வச்சாங்க. ஊர் அவங்களை சிஸ்டர் சுப்புலட்சுமின்னு கூப்பிட்டது. கன்னியாஸ்திரி கிடையாது. மயிலாப்பூர் பிராமணக் குடும்பத்துப் பெண். ஆனாலும் அந்தப் பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு.

நம்ம காலேஜ்ல மென்டார்னு ஒருத்தரை ஒதுக்கியிருப்பாங்க இல்லையா. அட்டெண்டன்ஸ் குறைஞ்சா வீட்டுக்கு போன் பண்றவங்க, அரியர் வந்தா கூப்பிட்டு உட்கார வச்சுப் பேசறவங்க. பாதிப் பேருக்கு அது ஒரு ஃபார்ம்ல கையெழுத்து வாங்கற வேலை. சிலருக்கு அப்படியில்ல. பாடம் எடுக்கிறதைத் தாண்டி ஒரு டீச்சருக்கு என்ன பொறுப்பு இருக்குன்னு யாராவது கேட்டா, நான் சிஸ்டர் சுப்புலட்சுமியோட வாழ்க்கையைத்தான் காட்டுவேன். ஏன்னா அவங்க விஷயத்துல வகுப்பறைங்கறது கடைசியா வந்த விஷயம். அதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை மலை மாதிரி இருந்தது.

1886 ஆகஸ்ட் 18-ல் மயிலாப்பூரில் பிறந்தாங்க. அப்பா ஆர்.வி. சுப்பிரமணிய ஐயர், தஞ்சாவூர் ஜில்லாக்காரர், நம்ம ஆளு. அதாவது சிவில் இன்ஜினியர், பொதுப்பணித் துறையில் உத்தியோகம். அம்மா பேரு விசாலாட்சி. மூத்த பெண் சுப்புலட்சுமி. ஒன்பது வயசுல எழுதின அரசாங்கப் பரீட்சையில செங்கல்பட்டு மாவட்டத்துக்கே நாலாவதா வந்தாங்க. படிப்புல அப்படி ஒரு கெட்டிக்காரப் பெண்ணை என்ன பண்ணியிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க? கல்யாணம் பண்ணி வச்சாங்க. பதினோரு வயசு வாக்கில். அந்தக் காலத்துல அது வழக்கம். அப்பா படிச்சவர், இன்ஜினியர், இருந்தாலும் வழக்கத்தை மீற முடியலை. கல்யாணம் ஆன கொஞ்ச நாளிலேயே மாப்பிள்ளை இறந்துபோனார்.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்திக்குங்க. ஆறாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண்ணை நினைச்சுப் பாருங்க. உங்க தங்கச்சியா இருக்கலாம், பக்கத்து வீட்டுப் பொண்ணா இருக்கலாம். தனக்கு என்ன நடந்துச்சுன்னே அவளுக்குப் புரிஞ்சிருக்காது. ஆனா அன்னையிலேருந்து அவ விதவை. அந்தக் காலத்து பிராமண வீடுகள்ல அதுக்கு என்ன அர்த்தம்னா, ஒரு வயசு வந்ததும் தலையை மழிச்சுடுவாங்க, நகை கிடையாது, பொட்டு கிடையாது, பூ கிடையாது, ஒரு வேளைச் சாப்பாடு, வீட்டுக்குள்ள ஒரு மூலை. வெளியில கிளம்பறவங்க எதிர்ல வந்துடக் கூடாது, சகுனத் தடை. சாகற வரைக்கும் அப்படியே. எழுபது வயசு வரைக்கும் இருந்தா, அறுபது வருஷம்.

அப்பாவுக்கு முன்னாடி மூணு வழிதான் இருந்தது. ஊர் சொன்னபடி செய்யறது ஒண்ணு. மறுமணம் பண்ணி வைக்கறது இன்னொண்ணு. அதுக்கு ஏற்கனவே ஓர் உதாரணம் சென்னையிலேயே இருந்தது. தி ஹிந்து, சுதேசமித்திரன் ரெண்டையும் தொடங்கினவர்கள்ல முக்கியமானவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், 1889-ல் பம்பாயில காங்கிரஸ் மாநாடு நடந்த சமயத்துல, விதவையான தன்னோட மகளுக்கு அங்கேயே மறுமணம் பண்ணி வச்சார். ஊர் அவரை ஒதுக்கி வச்சது. பேப்பர் முதலாளிக்கே அந்தக் கதி. மத்தவங்க தைரியமா அந்தப் பக்கம் போவாங்களா?

சுப்பிரமணிய ஐயர் மூணாவது வழியை எடுத்தார். பெண்ணோட தலைமுடியில யாரும் கை வைக்கக் கூடாது, அவ படிக்கட்டும்னு முடிவு பண்ணார். வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் கன்னியாஸ்திரிகள் நடத்தின கான்வென்ட் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். வீட்டில இன்னொருத்தரும் கூடவே நின்னாங்க. விசாலாட்சியோட தங்கை, வாலாம்பாள். சுப்புலட்சுமிக்குச் சித்தி. அவங்களும் சின்ன வயசிலேயே புருஷனை இழந்தவங்க. பிற்பாடு விடுதி ஆரம்பிச்சப்போ, அங்க இருந்த எல்லாப் பெண்களுக்குமே அவங்க சித்திதான். வரலாற்றுல இந்த மாதிரி ஆட்களைப் பத்தி ரெண்டு வரிக்கு மேல யாரும் எழுதறதில்லை. ஆனா சமையலறையைப் பார்த்துக்க ஒருத்தர் இல்லேன்னா எந்தச் சீர்திருத்தமும் ஒரு வாரம் தாண்டாதுங்கறது ஹாஸ்டல்ல இருக்கற உங்களுக்கே தெரியும்.

1911 ஏப்ரல்ல மாநிலக் கல்லூரியில, அதாங்க நம்ம பிரசிடென்சி காலேஜ்ல, முதல் வகுப்புல பட்டம் வாங்கினாங்க. சென்னை மாகாணத்துல பட்டம் வாங்கின முதல் இந்துப் பெண்ணுன்னு சொல்றது வழக்கம். அப்போ அவங்களுக்கு வயசு 24. வேற யாராவது இருந்தா அதோட போதும்னு இருந்திருப்பாங்க. அப்பாவுக்குச் சம்பளம் இருக்கு, வீட்டில ஆதரவு இருக்கு, தனக்கு ஒரு வேலை கிடைக்கும். தப்பிச்சாச்சு.

ஆனா அதே சமயத்துல அரசாங்கத்துக்கு ஒரு தலைவலி இருந்தது. பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தா டீச்சர் கிடைக்கலை. ஆண் வாத்தியார் இருக்கற பள்ளிக்கு வயசு வந்த பெண்களை அனுப்ப எந்த வீட்டிலும் சம்மதிக்கலை. பெண் டீச்சர் வேணும்னா, கல்யாணமான இந்துப் பெண்ணை வேலைக்கு விடற புருஷன் வீடு கிடையாது. மிஷனரிப் பெண்கள் வந்தா மதம் மாத்திடுவாங்கன்னு பயம். இந்த முடிச்சை அவிழ்க்க வழி தேடினவங்கள்ல ஒருத்தர் மிஸ் கிறிஸ்டினா லிஞ்ச். பெண்கள் பள்ளிகளுக்கு ஆய்வாளரா இருந்தவர். விதவைப் பெண்களுக்கு ஒரு விடுதி வச்சு, அவங்களைப் படிக்க வச்சு, டீச்சராக்கினா என்னன்னு ஒரு யோசனை. ஒரு பக்கம் யாருக்குமே வேண்டாம்னு மூலையில உட்கார வச்ச பெண்கள். இன்னொரு பக்கம் டீச்சர் இல்லாம காத்துக்கிட்டிருக்கற பள்ளிக்கூடங்கள். நம்ம ஆட்கள் சிஸ்டம் டிசைன்னு சொல்வாங்களே, இது அதுதான். ரெண்டு பிரச்சினையையும் எதிரெதிரா வச்சா ரெண்டுமே தீரும்.

பேப்பர்ல பார்த்தா சுலபம். ஆனா எந்த அப்பா தன்னோட விதவை மகளை ஒரு வெள்ளைக்காரி நடத்தற விடுதிக்கு அனுப்புவார்? இந்த வேலைக்கு, அந்தப் பெண்களோட வீட்டு வாசல்ல போய் நின்னு பேசக்கூடிய ஒருத்தர் வேணும். அதே சாதி, அதே பாஷை, அதே துக்கம். அப்பதான் சுப்புலட்சுமி வர்றாங்க.

1912-ல் சாரதா இல்லம் ஆரம்பமாச்சு. அதே வருஷம் சாரதா மகளிர் சங்கமும் ஆரம்பிச்சாங்க. பெண்கள் ஒண்ணா உட்கார்ந்து பேச ஓர் இடம், கூடவே இந்த வேலைக்கெல்லாம் பின்பலம். இல்லம் முதல்ல எழும்பூர்ல, சுப்புலட்சுமியோட வீட்டிலேயே நடந்தது. ஆரம்பத்துல வந்த பெண்களை ஒரு கை விரல்ல எண்ணிடலாம்.

அந்த முதல் வருஷங்கள்ல அவங்க வேலை என்னவா இருந்திருக்கும்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பாடம் எடுக்கறது ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம்னு வச்சுப்போம். மீதி நேரம்? ஒரு பெண் வரணும்னா முதல்ல அவளோட அப்பா சம்மதிக்கணும். அப்பா சம்மதிச்சா பாட்டி சம்மதிக்கணும். பாட்டி சம்மதிச்சா அக்கம்பக்கம் வாயை மூடணும். சாப்பாடு ஆசாரமா இருக்கா, யார் சமைக்கிறாங்க, மடி பார்க்கிறாங்களான்னு கேள்வி வரும். ஒரு வேளை மட்டும் சாப்பிட்டுப் பழகின பெண்ணால பகல் முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட முடியுமா? தெருவுல இறங்கினா அபசகுனம்னு ஒதுங்கிப் போற ஊர்ல, அந்தப் பெண் தினமும் நடந்து பள்ளிக்கூடம் போகணும். ராத்திரி அழுதா யாராவது பக்கத்துல இருக்கணும். காய்ச்சல் வந்தா டாக்டர். இதுல எதுவுமே ஒரு ஆசிரியையோட வேலைப் பட்டியல்ல எழுதியிருக்காது. ஆனா இதுல ஏதாவது ஒண்ணு தவறினா கூட மறுநாள் வகுப்புல அந்தப் பெண் இருக்க மாட்டா.

இதை அவங்க எப்படிச் சமாளிச்சாங்கங்கறதுலதான் எனக்கு அவங்க மேல மதிப்பும் இருக்கு, கொஞ்சம் சங்கடமும் இருக்கு. விடுதியை ஆசார முறைப்படியே நடத்தினாங்க. மறுமணப் பிரச்சாரம் பண்ணலை. வீட்டில என்ன நியமமோ அதுக்குக் குறைவில்லாம இங்கேயும் இருக்கும், கூடவே படிப்பும் இருக்கும்னு காட்டினாங்க. இதுக்குக் காரணம் இருந்தது. அவங்களுக்கு முன்னாடியே பண்டித ரமாபாய் 1889-ல் பம்பாயில சாரதா சதன்னு விதவைகளுக்கு ஓர் இல்லம் ஆரம்பிச்சாங்க. பிற்பாடு அது புனேவுக்குப் போச்சு. அங்க பெண்களை மதம் மாத்தறாங்கன்னு புகார் கிளம்பி, நிறையக் குடும்பங்கள் பெண்களைத் திரும்பக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் 1896-ல் கார்வே புனேவில விதவை இல்லம் நடத்தினப்போ ரொம்ப ஜாக்கிரதையா நடந்துக்க வேண்டியிருந்தது. சென்னையில இன்னொரு சாரதா சதன் கதை நடந்தா, அப்புறம் இருபது வருஷத்துக்கு எந்த வீட்டுக் கதவும் திறக்காது.

விடுதி பெருசாச்சு. வீடு பத்தலை. 1917-ல் அரசாங்கம் ஐஸ் ஹவுஸை வாங்கி விடுதிக்குக் கொடுத்தது. அந்தக் கட்டடத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும், ஏன்னா தெர்மல் இன்ஜினியரிங் படிக்கிறவங்க கோவிச்சுப்பீங்க. 1840-கள்ல ஃப்ரெடரிக் டியூடர்னு ஓர் அமெரிக்கர் பாஸ்டன் பக்கத்துல ஏரிகள்ல உறைஞ்ச பனியை வெட்டி, மரத்தூள்ல பொதிஞ்சு, கப்பல்ல ஏத்தி, பூமத்திய ரேகையைத் தாண்டி சென்னை வரைக்கும் கொண்டு வந்து வித்தார். அதைச் சேமிச்சு வைக்கக் கட்டினதுதான் இது. இன்சுலேஷன் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அப்புறம் ஐஸை மெஷின்லயே தயாரிக்க ஆரம்பிச்சதும் வியாபாரம் படுத்துடுச்சு. பிலிகிரி ஐயங்கார்னு ஒரு வக்கீல் வாங்கி வீடாக்கினார். 1897-ல் விவேகானந்தர் மேலை நாட்டிலேருந்து திரும்பி வந்தப்போ ஒன்பது நாள் தங்கினது இங்கதான்.

அப்படிப்பட்ட கட்டடத்துலதான் மொட்டையடிச்ச, வெளுத்துப்போன புடவை கட்டின பெண்கள் வந்து குடியேறினாங்க. எதிர்ல கடல். வீட்டு மூலையில வருஷக்கணக்கா உட்கார்ந்திருந்த ஒரு பதிமூணு வயசுப் பெண்ணுக்கு, காலையில எழுந்ததும் எதிர்ல வங்காள விரிகுடா. அது எப்படி இருந்திருக்கும்னு நான் எழுதினா கதையாகிடும், அதனால விட்டுடறேன். கொஞ்ச தூரத்துல 1914-லயே சென்னையோட முதல் பெண்கள் கல்லூரி, இன்னிக்கு குயின் மேரிஸ், ஆரம்பிச்சிருந்தது. பள்ளிப் படிப்பு முடிச்ச பெண்ணுக்கு அடுத்த படி அதே கடற்கரையில இருந்தது.

1922-ல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, கூடவே ஒரு பயிற்சிப் பள்ளி. முதல் முதல்வர் சுப்புலட்சுமி. இப்ப சுத்து முழுசாச்சு பாருங்க. விடுதியில சேர்ந்த பெண், பள்ளிக்கூடம் முடிச்சு, அதே ரோட்டுல ஆசிரியர் பயிற்சி முடிச்சு, மாகாணத்துல ஏதோ ஓர் ஊர்ல டீச்சரா வேலைக்குப் போறா. அவ கிட்ட இன்னும் நூறு பெண்கள் படிக்கிறாங்க. மாசம் சம்பளம் வாங்கற ஒரு விதவையை வீட்டில யாரும் மூலையில உட்கார வைக்க முடியாது. சகுனம் பார்க்கறவங்க கூட மாசக் கடைசியில பார்க்க மாட்டாங்க.

சங்கடம்னு சொன்னேனே, அது இதுதான். இந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும். அரசாங்கக் கட்டடம், அரசாங்கப் பணம், ஆனா ஒரு சாதிப் பெண்களுக்கு மட்டும் இடம். அதே காலத்துலதான் சென்னையில நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது. இது நியாயமான்னு கேள்வி வராம இருக்குமா? வந்தது. அந்தக் கேள்வி சரியான கேள்விதான்னு நான் நினைக்கிறேன். மத்த சாதிப் பெண்களோட சேர்த்து வச்சிருந்தா ஒரு பிராமண அப்பாவும் மகளை அனுப்பியிருக்க மாட்டார், விடுதியே நடந்திருக்காதுன்னு பதில் சொல்லலாம். அதுவும் உண்மைதான். ரெண்டும் உண்மையா இருக்கறதுதான் கஷ்டம். 1930-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தை ஆரம்பிச்சதுக்குப் பின்னாடியே இந்தக் கதை இருக்கு. தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் ஆதரவு கேட்டு வந்தப்போ, சாதி பார்த்த விடுதிகள்ல அவங்களுக்கு இடம் கிடைக்கலை. தன் வீட்டிலேயே வச்சுக்கிட்டாங்க. அந்த இல்லம்தான் பிற்பாடு அடையாறுல வளர்ந்து இன்னைக்கும் இருக்கற அவ்வை இல்லம். சிஸ்டரைப் பத்தி எழுதறப்போ இந்தப் பக்கத்தை மறைச்சுட்டு எழுதினா அது மாலை போடற கட்டுரை ஆகிடும்.

சுப்புலட்சுமியும் ஒரே இடத்துல நின்னுடலை. சாரதா மகளிர் சங்கம் மூலமா சாரதா வித்யாலயான்னு ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. 1938-ல் அதை ராமகிருஷ்ணா மிஷன்கிட்ட ஒப்படைச்சாங்க. தி. நகர்ல சாரதா வித்யாலயா பஸ் ஸ்டாப்புல கூட்டமா நிக்கிற ஸ்கூல் பெண்களைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பேரோட ஆரம்பம் இதுதான். தான் ஆரம்பிச்சதைத் தன் பேர்லயே வச்சுக்கணும்னு அவங்க நினைச்சதா தெரியலை. எந்த நிறுவனத்துக்கும் சுப்புலட்சுமின்னு பேர் வைக்கலைங்கறதைக் கவனிங்க.

இதுல இன்னொரு சிக்கல். அவங்க அரசு ஊழியர். சம்பளம் கொடுக்கறது வெள்ளைக்கார அரசாங்கம். 1917-ல் அடையாறுல அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா எல்லாரும் சேர்ந்து இந்திய மாதர் சங்கம் ஆரம்பிச்சாங்க. அந்த வட்டத்தோட சுப்புலட்சுமிக்கு நெருக்கம் இருந்தது. ஆனா அந்தச் சங்கத்துல முறைப்படி உறுப்பினரா சேர அவங்களுக்குத் தடை இருந்தது. மேடை ஏறிப் பேசி, அதனால வேலை போச்சுன்னா, விடுதியில இருக்கற பெண்களோட கதி என்ன? வேலையை உதறிட்டுப் போராட்டத்துல குதிச்சவங்களை நாம கொண்டாடறோம். வேலையை விடாம, வாயைக் கட்டிக்கிட்டு, அதே சமயம் செய்ய வேண்டியதைச் செஞ்சவங்களைப் பத்தி அவ்வளவா பேசறதில்லை.

ஆனா ஒரு இடத்துல அவங்க வாயைக் கட்டிக்கலை. 1928-ல் அரசாங்கம் சம்மத வயசு பத்தி விசாரிக்க மோரோபந்த் ஜோஷி தலைமையில ஒரு குழு போட்டது. பெண்களுக்கு எந்த வயசுல கல்யாணம்ங்கறதுதான் கேள்வி. சுப்புலட்சுமி அந்தக் குழு முன்னாடி போய்ச் சாட்சி சொன்னாங்க. இதைவிடத் தகுதியான சாட்சி யார் கிடைப்பாங்க? பதினோரு வயசுல கல்யாணம், விதவை, அப்புறம் தன் கண்ணு முன்னாடி ஒவ்வொரு வருஷமும் விடுதி வாசல்ல வந்து நின்ன புதுப் புதுக் குழந்தைகள். விடுதி நிறைய நிறைய ஒரு டீச்சருக்குச் சந்தோஷம் வரணும். இந்த விடுதி நிறையறது மட்டும் நாட்டுல ஏதோ தப்பா இருக்குன்னு அர்த்தம். விடுதியே தேவைப்படாத நாள் வரணும்னா சட்டம் மாறணும். 1929-ல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் நிறைவேறுச்சு. 1930 ஏப்ரல் 1-லேருந்து அமல். பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. ஹர் பிலாஸ் சாரதா கொண்டு வந்ததால சாரதா சட்டம்னு பேரு. சாரதா இல்லத்துக்கும் அதுக்கும் பேர்ல மட்டும்தான் ஒற்றுமை, ஆனா நல்லாத்தான் பொருந்தியிருக்கு.

இன்னைக்கு நம்ம நாட்டுல ஆசிரியரோட வேலைக்குச் சட்டத்திலேயே வரையறை இருக்கு. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 24-ஆம் பிரிவுல ஆசிரியரோட கடமைகளைச் சொல்லுது. நேரத்துக்கு வரணும், பாடத்திட்டத்தை முடிக்கணும், பெற்றோரைக் கூப்பிட்டு வருகை, படிப்பு பத்திப் பேசணும். 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இந்த மூணையும் தவிர வேற வேலைக்கு ஆசிரியர்களை இழுக்கக் கூடாதுன்னு சொல்லுது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சா ஒரு விஷயம் தெரியும். வகுப்புக்கு வெளியில ஆசிரியர் செய்யற வேலையில ரெண்டு வகை இருக்கு. மேலேயிருந்து தலையில கட்டறது ஒண்ணு. முன்னாடி உட்கார்ந்திருக்கற பிள்ளைக்காகத் தானா எடுத்துக்கறது இன்னொண்ணு. முதல் வகை ஏறிக்கிட்டே போனா ரெண்டாவதுக்கு நேரம் எங்கேருந்து வரும்? வாக்காளர் பட்டியலைத் தூக்கிட்டு வீடு வீடா அலையற டீச்சர்கிட்ட போய், நீங்க ஏன் அந்தப் பொண்ணு ஸ்கூலை விட்டு நின்னதுக்குக் காரணம் கேட்கலைன்னு கேட்க எனக்கு மனசு வராது. சுப்புலட்சுமிக்கும் அரசாங்கம்தான் சம்பளம் கொடுத்தது. ஆனா அவங்க அலைஞ்ச வீடுகளோட பட்டியலை அவங்களே போட்டுக்கிட்டாங்க.

வேலையிலேருந்து ஓய்வு பெறற வயசு வந்தது. 1942-ல், 56 வயசுல, மயிலாப்பூர்ல ஸ்ரீ வித்யா கலாநிலையம் ஆரம்பிச்சாங்க. இந்த முறை குழந்தைகளுக்கு இல்ல, படிக்காம விட்டுப்போன பெரியவங்களுக்கு, வயசு வந்த பெண்களுக்கு. 1952-லேருந்து 1956 வரைக்கும் சென்னை சட்ட மேலவையில நியமன உறுப்பினர். 1954-ல் தாம்பரம் பக்கத்துல மாடம்பாக்கம் கிராமத்துல பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நல மையம் வர உதவினாங்க. மயிலாப்பூர் லேடீஸ் கிளப்புக்குத் தலைவரா இருந்தப்போ, கிளப்புன்னா சீட்டாடிட்டுக் கலைஞ்சு போறதா, ஒரு பள்ளிக்கூடம் நடத்தலாமேன்னு இழுத்துவிட்டாங்க. அதுதான் 1956-ல் ஆரம்பிச்ச வித்யா மந்திர். ராயப்பேட்டை ஹை ரோட்டுல இருக்கு, நம்ம கிளாஸ்லயே அங்க படிச்சவங்க இருப்பீங்க. விதவைப் பெண்களுக்காக ஆரம்பிச்ச ஒருத்தர், கடைசியா ஆரம்பிச்சது ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கிற பள்ளிக்கூடம். எழுபது வயசுல.

பட்டங்களும் வந்தது. 1920-ல் வெள்ளைக்கார அரசாங்கம் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் கொடுத்தது. 1958-ல் இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ கொடுத்தது. ரெண்டு அரசாங்கத்துக்கிட்டயும் ஒரே வேலைக்குப் பாராட்டு வாங்கினவங்க குறைவு.

இயற்பியல் பிடிச்சவங்களுக்கு ஒரு தகவல். சந்திரசேகர் எல்லைன்னு படிச்சிருப்பீங்க, நோபல் பரிசு வாங்கின எஸ். சந்திரசேகர். அவரோட மனைவி லலிதா, சுப்புலட்சுமியோட தங்கை மகள். அவங்களும் பிரசிடென்சியில இயற்பியல் படிச்சவங்கதான். பெரியம்மா போட்டு வச்ச பாதை.

சிஸ்டரோட வாழ்க்கையை முதல்ல புத்தகமா எழுதினது யாருன்னு பார்த்தா அதுவும் சுவாரசியம். மோனிகா ஃபெல்டன்னு ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. இங்கிலாந்துல ஸ்டீவனேஜ் புது நகரத்தைக் கட்டற அமைப்புக்குத் தலைவரா இருந்தவர். 1951-ல் கொரியப் போர் சமயத்துல வட கொரியாவுக்குப் போயிட்டு வந்ததால பதவி போச்சு. அப்புறம் சென்னைக்கு வந்து இங்கேயே தங்கிட்டார். ராஜாஜியைப் பத்தி ஒரு புத்தகம், சுப்புலட்சுமியைப் பத்தி ஒரு புத்தகம். ரெண்டாவது 1966-ல் வந்தது. அப்போ சிஸ்டருக்கு எண்பது வயசு. நேர்ல உட்கார்ந்து கேட்டு எழுதினதால, அந்தக் காலத்து வீடுகளுக்குள்ள என்ன நடந்ததுன்னு நமக்கு இன்னைக்குத் தெரியுது. தமிழ்ல அவங்களைப் பத்தி இந்த அளவுக்குப் பேசப்படாதது நம்ம ஊர் வழக்கம், வேற என்ன சொல்ல. டாக்டர் ராதாகிருஷ்ணனுக்கு மயிலாப்பூர்ல ரோடே இருக்கு, செப்டம்பர் 5 இருக்கு. அவரைவிட ரெண்டு வயசு மூத்தவங்க சுப்புலட்சுமி.

1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசி அன்னிக்கு இறந்தாங்க. 83 வயசு.

ஐஸ் ஹவுஸ்ல இப்போ விவேகானந்தர் கண்காட்சி நடக்குது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெரினாவுக்குப் போனா உள்ளேயும் போய்ப் பாருங்க. பக்கத்துலயே லேடி வெலிங்டன் கல்லூரி இருக்கு. பேரு கொஞ்சம் நீளமா மாறியிருக்கு, ஆனா இன்னும் அங்க பி.எட். வகுப்பு நடக்குது. சாயங்காலம் வகுப்பு முடிஞ்சு, டீச்சராகப் போறவங்க நோட்டுப் புத்தகத்தைக் கட்டிக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்கு வருவாங்க.